பழைய புல்லட், புதிய புல்லட்: அதிர்வும் சவாரிச் சுகமும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் அப்பா ஓட்டிய வண்டி ஒன்று நிற்கிறது. ஷோரூமில் புதியது ஒன்று கண்ணைப் பறிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

350 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டிகளைத்தான் அதிகமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டுடன் கூட்டுச் சேர்ந்த நாள் தொட்டு சென்னையின் பெயரோடு ஒட்டிக்கொண்ட வண்டி புல்லட். பெயர் மாறாமல் இன்ஜின் மட்டும் தலைமுறை தலைமுறையாக மாறிவந்ததால், பழையதையும் புதியதையும் ஒப்பிட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அதிர்வும் சவாரிச் சுகமும் ஒன்றுதானே? ஏன் தனித்தனியாகப் பேசுகிறீர்கள்?

ஒன்றல்ல. அதிர்வு இன்ஜினிலிருந்து வருகிறது, குலுங்கல் சாலையிலிருந்து வருகிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் கைப்பிடிக்கு விநாடிக்கு 50 முறை நடுக்கம் வரும். விரல் மரத்துப்போவதும் பாதம் கூசுவதும் கண்ணாடியில் பின்னால் வரும் பஸ் இரண்டாகத் தெரிவதும் இதனால்தான். சாலைக் குலுங்கலின் வேகம் இதைவிட மிகக் குறைவு. உட்கார்ந்திருக்கும் உடம்பைச் செங்குத்தான ஆட்டத்தில் அதிகம் படுத்துவது விநாடிக்கு 4 முதல் 8 முறை வரும் ஆட்டம். இடுப்பு பிடித்துக்கொள்வதும் முதுகு கடுப்பதும் அதனால்.

இந்தப் பிரிவை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் ஒப்பிட்டால் முடிவு தப்பாகத்தான் வரும். இன்ஜின் நடுங்கினாலும் மேடுபள்ளத்தை மெத்தென்று கடக்கும் பழைய வண்டிகள் உண்டு. இன்ஜின் பட்டுப்போல் ஓடினாலும் வேகத்தடையில் முதுகெலும்பைப் பதம்பார்க்கும் புதிய வண்டிகளும் உண்டு.

ஒற்றை சிலிண்டர் வண்டி ஏன் அதிர்கிறது? ஒழுங்காகச் செய்திருந்தால் அதிரக்கூடாது அல்லவா?

எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் அதிரும். பிஸ்டன் மேலே போய் ஒரு கணம் நின்று கீழே வருகிறது, அங்கேயும் ஒரு கணம் நின்று மேலே போகிறது. ஒவ்வொரு முறையும் அதை நிறுத்தித் திருப்பும் விசை, பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் வழியாக இன்ஜின் கூட்டுக்கும், அங்கிருந்து சட்டத்துக்கும் போகிறது.

அந்த விசை எவ்வளவு பெரியது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழைய புல்லட் 350இன் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலிருந்து கீழே ஓடும் தூரம்) 90 மி.மீ. பிஸ்டன், ரிங், பின், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் மேல்பகுதி எல்லாம் சேர்த்து 400 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 2,000 சுற்றில் அந்த 400 கிராம் ஏறக்குறைய 80 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இன்ஜினை மேலும் கீழும் இழுக்கும். 4,000 சுற்றில் 320 கிலோ. சுற்று இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகிறது. 60 கி.மீ. வேகத்தில் சாதுவாகப் போகும் புல்லட் 90ஐத் தொட்டதும் உதறுவதற்குக் காரணம் இந்த இருமடிக் கணக்குதான்.

அப்படியானால் பழைய புல்லட்டில் இதற்கு எந்த ஏற்பாடும் இல்லையா?

இருந்தது. கிராங்கில் பிஸ்டனுக்கு எதிர்ப்புறம் எடை வைத்திருப்பார்கள். ஆனால் பிஸ்டன் மேலும் கீழும் மட்டும் போகிறது, எதிர் எடையோ வட்டமாகச் சுற்றுகிறது. மேல்கீழ் ஆட்டத்தை முழுவதும் அடக்கும் அளவுக்கு எடையை வைத்தால், அதே அளவு ஆட்டம் முன்பின்னாகக் கிளம்பிவிடும். அதனால் ஏறத்தாழப் பாதியை மட்டும் அடக்கி, மீதியை இரண்டு திசைகளுக்கும் பங்கிட்டுவிடுவது அந்தக் காலத்து வழக்கம். எந்த விகிதத்தில் பங்கிட்டால் அந்தச் சட்டத்துக்கு ஒத்துவரும் என்பது அனுபவத்தில் கண்டுபிடித்த சங்கதி.

பழைய புல்லட்டில் கிராங்கோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலைக் காட்டி “இதுதான் அதிர்வை அடக்குகிறது” என்று சொல்பவர்கள் உண்டு. ஃப்ளைவீல் செய்யும் வேலை வேறு. ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் நடுவில் இன்ஜின் திணறாமல் ஒரே சீராகச் சுற்ற அது உதவுகிறது. குறைந்த வேகத்தில் டாப் கியரிலேயே தளராமல் இழுப்பது அதன் தயவு. பிஸ்டன் கிளப்பும் நடுக்கத்தை அது குறைக்காது.

பேலன்சர் ஷாஃப்ட் என்கிறார்களே, அது என்ன செய்கிறது?

முந்தைய பதிலில் சொன்ன சிக்கலுக்கு அதுதான் தீர்வு. கிராங்கில் பாதி எதிர் எடை. மீதிப் பாதி, கிராங்கின் அதே வேகத்தில் எதிர்த்திசையில் சுற்றும் இன்னொரு தண்டில். இரண்டு எடைகளும் கீழ்நோக்கும்போது சேர்ந்து பிஸ்டனின் இழுப்பை ஈடுகட்டுகின்றன. பக்கவாட்டில் திரும்பும்போது ஒன்று முன்னாலும் மற்றொன்று பின்னாலும் இருப்பதால் தங்களுக்குள்ளேயே கழிந்துபோகின்றன.

ராயல் என்ஃபீல்டின் ஒற்றை சிலிண்டர் வண்டிகளில் 2016இல் வந்த 411 சிசி ஹிமாலயனில் இது இருந்தது. 350 வரிசைக்கு 2020 நவம்பரில் மீட்டியோருடன் வந்தது. அதே இன்ஜின் 2021இல் கிளாசிக்குக்கும் 2022இல் ஹன்டருக்கும் 2023இல் புல்லட்டுக்கும் போனது. அதன் கொள்ளளவு 349 சிசி, விட்டம் 72 மி.மீ., ஸ்ட்ரோக் 85.8 மி.மீ. பழையதை ஓட்டிப் பழகிய கை புதியதைத் தொட்டவுடன் உணரும் மாற்றத்துக்கு முதல் காரணம் இந்தத் தண்டு. இரண்டாவது காரணம் சட்டம். பழையதில் முன்புறம் ஒற்றைக் குழாய் இறங்கி, இன்ஜினே சட்டத்தின் ஓர் உறுப்பாகப் பிணைந்திருந்தது. புதியதில் இரட்டைக் குழாய் சட்டம்.

ஆனாலும் அதிர்வு பூஜ்ஜியமாகிவிடவில்லை. கனெக்டிங் ராடு சாய்ந்து சாய்ந்து இயங்குவதால் சுற்றுக்கு இருமுறை வரும் சிறு நடுக்கம் ஒன்று உண்டு. ஒரே ஒரு பேலன்சர் தண்டு அதைத் தொடாது. அந்த மிச்சம் எங்கே தலைகாட்டுகிறது என்பதைக் கைப்பிடி பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

நான் வைத்திருப்பது 2014 கிளாசிக். இது பழைய வண்டியா, புதிய வண்டியா?

அதிர்வுக் கணக்கில் பழையதுதான். இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் வந்த யூசிஇ இன்ஜின் அது. அதற்கு முந்தைய வார்ப்பிரும்பு இன்ஜினைவிட எண்ணெய்க் கசிவு குறைந்தது, வால்வைத் தள்ளும் டேப்பெட்டைத் தானாகவே சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு வந்தது. பராமரிப்புத் தொல்லை பெருமளவு தீர்ந்தது. ஆனால் விட்டமும் ஸ்ட்ரோக்கும் அதே 70, 90. பேலன்சர் தண்டு கிடையாது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் பதிவு ஆண்டை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். யூசிஇ இன்ஜினோடு புல்லட் 350 2023 வரை விற்பனையில் இருந்தது.

நீள ஸ்ட்ரோக் என்பதால்தான் புல்லட் அதிர்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரியா?

அரைகுறை உண்மை. ஸ்ட்ரோக் நீண்டால் ஒரே சுற்றில் பிஸ்டன் அதிக தூரம் ஓட வேண்டும், விசையும் கூடும். ஆனால் 2020இல் வந்த ஹோண்டா ஹைனஸ் சிபி350ஐப் பாருங்கள். விட்டம் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90.5 மி.மீ. பழைய புல்லட்டின் அளவுக்கு மயிரிழை வித்தியாசம். ஆனால் ஓட்டிப் பார்த்தால் இரண்டும் ஒரே அளவு என்று நம்பவே முடியாது. அதில் முதன்மை பேலன்சர் ஒன்றும், கியர்பாக்ஸ் தண்டின் மேலேயே இன்னொன்றும் வைத்திருக்கிறார்கள். நீள ஸ்ட்ரோக்கின் மீது பழி போடுபவர்களுக்கு இந்த ஒரு வண்டி போதிய பதில்.

என் ஆர்எக்ஸ் 100 பழைய வண்டிதான். அது ஏன் புல்லட்டைப்போல் அதிரவில்லை?

பிஸ்டன் சிறியது. ஆர்எக்ஸ் 100இன் விட்டமும் ஸ்ட்ரோக்கும் 50 மி.மீ. எடையும் குறைவு, ஓடும் தூரமும் குறைவு. அதனால் அதிகச் சுற்றில் ஓடினாலும் மொத்த விசை புல்லட்டை எட்டாது. ஸ்பிளெண்டர் போன்ற 97 சிசி வண்டிகளின் அமைதிக்கும் இதுவே காரணம். மேலும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஒவ்வொரு சுற்றிலும் வெடிக்கிறது, ஃபோர் ஸ்ட்ரோக் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கிறது. அதனால் இழுப்பு தொடர்ச்சியாகத் தெரியும். ஆகவே “பழையது என்றால் அதிரும்” என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை. பெரிய ஒற்றைப் பிஸ்டன், ஈடுகட்டும் தண்டு இல்லாமை, இரண்டும் சேர்ந்தால்தான் அதிரும்.

இரண்டு சிலிண்டர் வண்டியில் அதிர்வே இருக்காதா?

கிராங்கில் இரண்டு பிஸ்டன்களையும் எந்தக் கோணத்தில் பிணைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பழைய இங்கிலாந்து ட்வின்கள் பெரும்பாலானவற்றில் இரண்டு பிஸ்டன்களும் சேர்ந்தே மேலே போய்ச் சேர்ந்தே கீழே வரும். அதிர்வைப் பொறுத்தவரை அது ஒரு பெரிய ஒற்றை சிலிண்டர்தான். அந்த நடுக்கம் தாங்காமல்தான் நார்ட்டன் நிறுவனம் 1967இல் அறிமுகப்படுத்திய கமாண்டோவில் இன்ஜினையே ரப்பர் மேல் மிதக்கவிட்டது. நம் ஊரில் ராஜ்தூத் 350 என்று ஓடிய யமஹாவில் ஒரு பிஸ்டன் மேலே போகும்போது மற்றது கீழே வரும். மேல்கீழ் இழுப்பு கழிந்துபோகும், ஆனால் இன்ஜின் இடமும் வலமுமாகச் சாய்ந்தாடப் பார்க்கும்.

2018இல் வந்த ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650இலும் கான்டினென்டல் ஜிடி 650இலும் கிராங்க் கோணம் 270 டிகிரி. அதில், பேலன்சர் தண்டு பற்றிச் சொன்னபோது மிச்சம் இருக்கிறது என்றேனே, அந்தச் சுற்றுக்கு இருமுறை நடுக்கம், இரண்டு பிஸ்டன்களுக்கிடையே தானாகவே கழிந்துவிடுகிறது. மீதி இழுப்புக்குப் பேலன்சர் தண்டு இருக்கிறது. நெடுஞ்சாலையில் நெடுநேரம் 100ஐ ஒட்டி ஓட்ட வேண்டியவர்கள் 350க்கும் 650க்கும் நடுவில் தயங்கினால், விலை ஒத்துவரும்பட்சத்தில் 650 என்றுதான் சொல்வேன்.

புதிய வண்டிதான் வாங்கினேன். ஆனாலும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் கைப்பிடியில் கிறுகிறுவென்று வருகிறது. பழுதா?

பெரும்பாலும் பழுதில்லை. ஒவ்வொரு கைப்பிடிக்கும் கால்மிதிக்கும் கண்ணாடித் தண்டுக்கும் இயல்பாகவே ஆடும் ஒரு வேகம் உண்டு. இன்ஜினின் நடுக்கம் அதோடு ஒத்துப்போகும் சுற்றில் மட்டும் ஆட்டம் பெருகும், தாண்டினால் அடங்கிவிடும். கைப்பிடி நுனியில் உருண்டையாகத் திருகியிருக்கும் எடை அலங்காரத்துக்கு அல்ல. அந்த ஒத்திசைவு வேகத்தை நாம் வழக்கமாக ஓட்டும் சுற்றிலிருந்து நகர்த்தத்தான் அதை வைத்திருக்கிறார்கள். அழகுக்காக அதைக் கழற்றிவிட்டு, பிறகு கை மரக்கிறது என்று சொல்பவர்கள் அதை மீண்டும் மாட்டிப் பார்க்கட்டும்.

இதில் உடம்பின் பங்கும் உண்டு. விரல் தோலுக்கு அடியில் அதிர்வை உணரும் பாசினியன் நுண்ணுறுப்புகள் விநாடிக்கு 200 முதல் 300 முறை வரும் நடுக்கத்தைத்தான் மிக நுட்பமாகப் பிடிக்கும். 6,000 சுற்றில் ஓடும் இன்ஜினின் இருமுறை நடுக்கம் விநாடிக்கு 200. பெரிய அதிர்வு போய்விட்டதால் இந்தச் சின்னது இப்போது தனியாகத் தெரிகிறது, தெரிவதும் விரல் மிகக் கூர்மையாக உணரும் இடத்தில். பழைய வண்டியில் இது பெரிய உதறலுக்குள் மறைந்திருந்தது.

வருவது இன்ஜினிலிருந்தா, சக்கரத்திலிருந்தா என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆளில்லாத நேரான சாலையில், அந்த நடுக்கம் வரும் வேகத்தைப் பிடியுங்கள். ஆக்சிலரேட்டரை விட்டு, கிளட்சைப் பிடியுங்கள். இன்ஜின் சுற்று இறங்கியதும் நடுக்கமும் நின்றால் அது இன்ஜின் சமாசாரம். வேகம் குறையக் குறைய நடுக்கமும் மெல்ல மெல்லக் குறைந்தால் சக்கரம், டயர், பேரிங் இவற்றில் ஒன்று. அடுத்து அதே வேகத்தை ஒரு கியர் குறைத்து ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் வேறு வேகத்துக்கு நகர்ந்தால் இன்ஜின், நகராவிட்டால் சக்கரம்.

இன்ஜின் பிரேக்கில் வரும்போது மட்டும் தட்டுத்தட்டென்று உதைத்தால் செயினையும் பின்சக்கர ஹப்புக்குள் இருக்கும் ரப்பர் துண்டுகளையும் பாருங்கள். கையைத் தளர்த்தினால் கைப்பிடி இடமும் வலமுமாக அசைந்தால் ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்கான கோன் செட். இந்தக் கடைசி அறிகுறி தெரிந்தால் தள்ளிப்போடாமல் அன்றே பட்டறைக்குப் போங்கள்.

பழைய புல்லட்டில் அதிர்வு முன்பைவிடக் கூடிவிட்டது. மெக்கானிக்கைக் கேட்டால் “புல்லட் என்றால் அப்படித்தான்” என்கிறார்.

இந்தப் பதிலை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். புல்லட்டுக்கு இயல்பான அதிர்வு ஒன்று உண்டு, உண்மைதான். ஆனால் அது கூடிக்கொண்டே போகாது. கூடினால் ஏதோ தளர்ந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்று பொருள். பழைய வண்டிகளுக்குக் கெட்ட பெயர் வாங்கித்தந்தது இன்ஜினைவிட இந்த அலட்சியம்தான் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் இன்ஜினைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகள். வண்டியைக் கழுவாமல் அப்படியே கொண்டுவந்து, நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு போல்ட்டின் தலையைச் சுற்றியும் உற்றுப் பாருங்கள். செங்கற்பொடி போலச் செம்பழுப்பாக மெல்லிய தூள் படிந்திருந்தால் அங்கே இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டிருக்கின்றன. வெறும் துருவாக இருந்தால் சுரண்டினால்தான் வரும். இந்தத் தூளோ விரலால் தொட்டாலே ஒட்டிக்கொள்ளும். அதைக் கண்டால் போல்ட்டை முறுக்குவதோடு நிறுத்தாமல் கழற்றிப் பாருங்கள். துளை முட்டை வடிவில் நீண்டிருந்தால் எவ்வளவு முறுக்கினாலும் மறுபடி தளரும். துளையைச் சரிசெய்து புதிய போல்ட் போட வேண்டும். சிலிண்டர் ஹெட்டை மேல்சட்டத்தோடு இணைக்கும் பட்டையைப் பலர் மறந்துவிடுவார்கள். ஹெட்டைக் கழற்றி மாட்டியபின் அது தொங்கலாக விடப்பட்ட வண்டிகளில் பெட்ரோல் டேங்கே நடுங்கும்.

அடுத்து செயின், ஸ்பிராக்கெட், ஸ்விங் ஆர்ம் புஷ், சைலன்ஸர் கிளாம்ப், கால்மிதி ரப்பர். இவை விலை குறைந்தவை, சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனால் ஒரே நடையில் எல்லாம் கிடைக்கும். பிறகு கார்புரேட்டரும் பற்றவைப்பு நேரமும். வெடிப்பு சுற்றுக்குச் சுற்று மாறினால் அதுவும் உதறலாகத்தான் தெரியும். இவை அனைத்தையும் பார்த்த பிறகும் அடியிலிருந்து கனத்த தட்டல் சத்தத்தோடு அதிர்வு இருந்தால்தான் கிராங்க் பேரிங், கனெக்டிங் ராடு பக்கம் போக வேண்டும். எடுத்த எடுப்பிலேயே இன்ஜினைப் பிரிக்கச் சொல்லும் பட்டறையிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பழைய இன்ஜினில் பேலன்சர் தண்டு பொருத்த முடியுமா?

நடைமுறையில் முடியாது. இன்ஜின் கூட்டுக்குள் அதற்கு இடமில்லை. இன்ஜினை எப்படியும் பிரிக்க வேண்டிய நிலை வந்தால், நல்ல கடைசல் பட்டறையில் கிராங்கை நேர்பார்த்துச் சமநிலைப்படுத்தச் சொல்லுங்கள், பலன் தெரியும். கைப்பிடி நுனி எடையும் தடித்த ரப்பர் கிரிப்பும் கைக்கு வருவதைக் குறைக்கும். முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூட்டினால் அதே வேகத்தில் சுற்று குறையும், இருமடிக் கணக்கு உங்களுக்குச் சாதகமாகும். ஆனால் ஆள் ஏற்றிக்கொண்டு வால்பாறை ஏறுகிறவர்கள் இதைச் செய்ய வேண்டாம். 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் இன்ஜின் திணறும்.

அப்பாவின் பழைய வண்டியில் சீட் மெத்தென்று இருந்தது. புதிய வண்டியில் ஒரு மணி நேரத்திலேயே இடுப்பு வலிக்கிறது. இதுதான் முன்னேற்றமா?

முதல் பதிலில் சொன்ன இரண்டாவது கணக்கான சாலைக் குலுங்கலுக்கு வந்துவிட்டோம். பழைய புல்லட்டில் முதுகு நிமிர்ந்து உட்காரும் தோரணை, அகலமான சீட், முன்னும் பின்னும் 19 அங்குலச் சக்கரம். பெரிய சக்கரம் குழிக்குள் முழுவதுமாக இறங்காமல் விளிம்போடு கடந்துவிடும். வேகமும் குறைவு. 50இல் கடக்கும் குழிக்கும் 80இல் கடக்கும் குழிக்கும் உள்ள வித்தியாசத்தை முதுகு நன்றாக அறியும்.

புதியவற்றில் எல்லாம் ஒன்றுபோல் இல்லை. கிளாசிக்கில் முன்சக்கரம் இன்னும் 19 அங்குலம். ஹன்டரில் இரண்டும் 17 அங்குலம், நகரத்துச் சந்துகளில் சட்டென்று திரும்புவதற்காக. அதன் பின்புறம் இறுக்கமாக இருக்கிறது என்ற முறையீடு பரவலாக எழுந்து, 2025இல் நிறுவனமே பின் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை மாற்றியது. ஆக, இன்ஜின் ஒன்றே ஆனாலும் சவாரி ஒன்றல்ல.

சீட் பற்றி ஒரு வார்த்தை. ஷோரூமில் உட்கார்ந்ததும் அமுங்கும் சீட் நெடுந்தூரத்துக்கு நல்லதன்று. ஸ்பஞ்ச் முழுவதும் அமுங்கியபின் அடித்தகட்டில்தான் உட்கார்ந்திருப்பீர்கள். சற்று இறுக்கமாக, அகலமாக இருப்பதே மூன்றாவது மணி நேரத்தில் காப்பாற்றும். வேறு எதையும் மாற்றும் முன் பின் ஷாக் அப்சார்பரின் இறுக்கத்தை உங்கள் எடைக்கேற்ப வைத்துப் பாருங்கள். இருவர் போகும்போது கூட்டி வைத்ததை அப்படியே மறந்துவிட்டுத் தனியாக ஓட்டினால் தூக்கித்தான் போடும்.

பின்னால் ஒற்றை ஷாக் அப்சார்பர், அதாவது மோனோ ஷாக் இருந்தால் சுகம் கூடும்தானே?

தானாகவே கூடாது. ஹோண்டா யூனிகார்ன் 2004இல் மோனோ ஷாக்கோடு வந்து பெயர் வாங்கியது, அது நன்றாக அமைக்கப்பட்டிருந்ததால். ஸ்பிரிங்கின் வலு, எண்ணெய் எதிர்ப்பு, சக்கரம் மேலும் கீழும் போக இருக்கும் தூரம், இவை சரியாக அமைந்தால் இரட்டை ஷாக்கும் சுகம்தான்.

டயரில் காற்றைக் குறைத்தால் குலுங்காது என்கிறார்களே?

செய்யாதீர்கள். டயர் சூடேறும், வளைவில் வண்டி நெளியும், குழியில் ரிம் அடிவாங்கும். கையேட்டில் சொன்ன அளவே சரி. காலையில் டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும்.

இந்த அதிர்வு உடம்புக்குக் கெடுதலா?

நாளெல்லாம் அதிரும் கருவிகளைப் பிடித்து வேலை செய்பவர்களுக்கு விரல் நரம்பும் இரத்த ஓட்டமும் கெட்டு, விரல் வெளுத்துப்போகும் நோய் வருவது நன்கு அறியப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் இதற்கு விதி வகுத்தது. எட்டு மணி நேர வேலைக்குக் கையில் 2.5 மீ/வி² அளவை எட்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5ஐத் தாண்டவே கூடாது. அந்த விதி வேலையிடத்துக்கானது. ஆனால் நாள் முழுக்க வண்டியிலேயே இருக்கும் உணவு, பார்சல் விநியோகத் தொழிலாளர்களை நினைத்தால், நம் ஊரிலும் இதைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் இது என்று நினைக்கிறேன்.

அன்றாடம் ஓட்டுபவர்கள் கைப்பிடியை நெரித்துப் பிடிக்காமல் இருந்தாலே பாதி தீரும். இறுகப் பிடிக்கப் பிடிக்க அதிர்வு முழங்கை வரை ஏறும். மணிக்கொரு முறை இறங்கி விரலை மடக்கி நீட்டுங்கள். வண்டியை நிறுத்தி நெடுநேரமாகியும் மரப்பு போகவில்லை, இரவில் விரல் கூசுகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

மொபைல் செயலியால் இரண்டு வண்டிகளின் அதிர்வையும் அளந்து ஒப்பிடலாமா?

சாலைக் குலுங்கலுக்கு ஓரளவு சரி, இன்ஜின் அதிர்வுக்கு நம்ப வேண்டாம். செயலி விநாடிக்கு 100 முறை அளவெடுத்தால், விநாடிக்கு 50 முறைக்கு மேல் வரும் நடுக்கத்தை அதனால் சரியாகக் காட்ட முடியாது. அதாவது 3,000 சுற்றைத் தாண்டியதும் எண்கள் பொய் சொல்லத் தொடங்கும். போனைப் பிடித்திருக்கும் தாங்கியும் தன் பங்குக்கு ஆடும். அத்துடன், சக்திவாய்ந்த மோட்டார் சைக்கிள் இன்ஜின்களின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கக்கூடும் என்று 2021இல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. ஒரே சாலை, ஒரே வேகம், சரியான டயர் காற்று, இரண்டு வண்டியிலும் டாப் கியர். அப்படி ஓட்டி, இறங்கியதும் விரலில் என்ன மிச்சமிருக்கிறது என்று கவனிப்பதே நம்பகமான அளவு.

அதிர்வு போனதோடு புல்லட்டின் அந்தத் துடிப்பும் போய்விட்டதே?

துடிப்பு வேறு, அதிர்வு வேறு. துடிப்பு வெடிப்பிலிருந்து வருகிறது. 1,500 சுற்றில் நிமிடத்துக்கு 750 வெடிப்பு. ஒவ்வொன்றும் வண்டியை லேசாக முன்னே உந்துவதைத் தொடையில் உணரலாம். பேலன்சர் தண்டு இதைத் தொடுவதே இல்லை. புதிய 350ஐ உயர்ந்த கியரில், குறைந்த சுற்றில், காலை நேரக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பாருங்கள், துடிப்பு அப்படியே இருக்கிறது. மாறியது சைலன்ஸர் சத்தம். மாசுக் கட்டுப்பாடும் ஒலிக் கட்டுப்பாடும் அதை அடக்கிவிட்டன. பலர் சத்தத்தின் இழப்பைத் துடிப்பின் இழப்பாக எண்ணி, சைலன்ஸரை மாற்றி ஊரை எழுப்புகிறார்கள். அது சட்டப்படியும் குற்றம், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் தொல்லை.

அதிராத வண்டியில் வேகம் தெரிவதில்லை என்கிறார்கள். அது ஆபத்தில்லையா?

நியாயமான கேள்வி. பழைய புல்லட் 80ஐத் தாண்டினால் வண்டியே எச்சரிக்கும். புதியதில் அந்த எச்சரிக்கை இல்லை, முள்ளைப் பார்த்தால்தான் தெரியும். மறுபுறம் பழையதில் டிரம் பிரேக். புதியதில் டிஸ்க், அதோடு 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்குக் கட்டாயமான ஏபிஎஸ். பழையதிலிருந்து புதியதுக்கு மாறுபவர்கள் முதல் சில வாரங்களுக்கு வேகமானியை வலிந்து பார்க்கப் பழக வேண்டும். புதியதிலிருந்து பழையதுக்குப் போகிறவர்களுக்கு எச்சரிக்கை இன்னும் அதிகம் தேவை, கை எதிர்பார்க்கும் பிரேக் அங்கே இருக்காது.

ஒரே மாடல், ஒரே ஆண்டு. நண்பனின் வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது, என்னுடையது மட்டும் அதிர்கிறது. ஏன்?

முதலில் வண்டிகளை மாற்றி ஓட்டிப் பாருங்கள். அவருக்கும் உங்கள் வண்டி அதிர்கிறதா? இல்லையென்றால் உங்கள் எடைக்கு ஷாக் அப்சார்பர் பொருந்தவில்லை அல்லது கைப்பிடியை நெரிக்கிறீர்கள். அவரும் அதிர்கிறது என்றால் மேலே சொன்ன கிளட்ச் சோதனையைச் செய்து, இன்ஜினா சக்கரமா என்று பிரியுங்கள்.

சக்கரம் என்றால் டயர் காற்று, டயர் ரிம்மில் சீராக உட்கார்ந்திருக்கிறதா, ஸ்போக் தளர்ந்திருக்கிறதா, அலாய் வளைந்திருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். இன்ஜின் என்றால் மவுண்டிங் போல்ட்டுகளைக் கையேட்டில் கொடுத்த முறுக்கு அளவுக்கு டார்க் ரெஞ்சால் வைக்கச் சொல்லுங்கள், கண்மதிப்பில் முறுக்க விடாதீர்கள். பிறகு செயின் தளர்ச்சி. நான் பார்த்தவரை இந்த இரண்டிலேயே பெரும்பாலான வண்டிகள் சரியாகிவிடும். ஆகாவிட்டால், உத்தரவாதக் காலம் முடிவதற்குள் சர்வீஸ் மேலாளரையே பின்னால் உட்காரவைத்து ஓட்டிக் காட்டி, எந்த வேகத்தில், எந்த கியரில் அதிர்கிறது என்பதை ஜாப் கார்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.